சென்னையில் முதிய குதிரைகள்: உழைப்பு, ஓய்வு, மென்பயிற்சி

சென்னையில் முதிய குதிரைகளின் வரலாறு என்பது படை, பந்தயம், ஜட்கா வண்டி, காவல்துறை, கடற்கரைச் சவாரி ஆகியவற்றில் உழைத்த குதிரைகள் வயதாகி, மூட்டு நோய்க்கு ஆளான பிறகு எவ்வாறு நடத்தப்பட்டன என்பதைப் பற்றியது. நன்கு பேணப்படும் குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும். பந்தயக் குதிரையின் ஓட்டக்காலம் அதில் மிகச் சிறிய பகுதி. மற்றக் குதிரைகளுக்கும் முழு வலுவுடன் உழைக்கும் காலம் முடிந்தபின் பல ஆண்டுகள் மிஞ்சுகின்றன. அந்த ஆண்டுகளில் குதிரைக்கு வரும் பொதுவான துன்பம் மூட்டுத் தேய்வு.

மூட்டு தேய்ந்த குதிரைக்குக் கடும் உழைப்பு தீங்கு. லாயத்திலேயே கட்டிப்போடுவதும் தீங்கு. நாள்தோறும் அளவான நடையும், முடிந்தால் எடை குறைந்த ஒருவரைச் சுமந்து செல்லும் மென்மையான சவாரியும் அதற்கு நன்மை தரும். இன்று கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அறிவுரை இது. ஆனால் சென்னையின் நீண்ட குதிரை வரலாற்றில் இவ்விரண்டுக்கும் நடுவிலான இந்த வழிக்கு இடம் கிடைத்தது மிகக் குறைவு. முதிய குதிரை ஒன்று விழும்வரை உழைத்தது, அல்லது கைமாறி விற்கப்பட்டது, அல்லது கொல்லப்பட்டது.

மூட்டுத் தேய்வின் இயல்பு

எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் அவற்றின் முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கும். இந்தக் குருத்தெலும்புக்கு இரத்த நாளங்கள் இல்லை. மூட்டைச் சுற்றியுள்ள உறையில் இருக்கும் திரவத்திலிருந்தே அது உணவைப் பெறுகிறது. கால் ஊன்றும்போது பஞ்சு பிழியப்படுவது போலக் குருத்தெலும்பு அமுங்கித் திரவத்தை வெளிவிடும். கால் தூக்கும்போது மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். எனவே, நடப்பது மூட்டைத் தேய்க்கும் செயல் மட்டுமன்று. மூட்டுக்கு உணவூட்டும் செயலும் அதுவே.

வயது, பழைய காயம், வளர்ச்சி முடியுமுன் செய்த கடும் ஓட்டம், கடினத் தரை, சரியாகச் சீவப்படாத குளம்பு ஆகியவற்றால் குருத்தெலும்பு தேயும். தேய்ந்த பகுதி பழைய நிலைக்கு வளர்வதில்லை. மூட்டின் ஓரங்களில் புது எலும்பு முளைத்து அசைவைத் தடுக்கும். குதிரையின் உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்னங்கால்களில் விழுவதால், முன்னங்காலின் முழங்கால் மூட்டும் குளம்புக்கு மேலுள்ள மூட்டுகளும் எளிதில் பாதிக்கப்படுகின்றன. பின்னங்காலில், பின்னோக்கி மடங்கும் நடு மூட்டு அதிகம் தேயும்.

குதிரை தன் வலியைக் குரலால் வெளிப்படுத்துவது அரிது. நடையில்தான் அது தெரியும். முன்னங்கால் ஒன்றில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது குதிரை தலையை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தலை தாழும். காலையில் லாயத்தை விட்டு வரும்போது விறைப்பாக நடந்து, சிறிது தொலைவு சென்றபின் இளகுவது மூட்டுத் தேய்வின் தொடக்க அடையாளங்களுள் ஒன்று.

கடல் வழியே வந்த விலங்கு

தமிழகம் குதிரை வளர்ப்புக்கு இயல்பாகப் பொருந்திய நிலம் அன்று. பூம்புகார்த் துறைமுகத்தில் கடல் வழியே வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பாண்டிய நாட்டு அமைச்சராக இருந்த மாணிக்கவாசகர் குதிரை வாங்குவதற்கான அரசுப் பணத்துடன் திருப்பெருந்துறைக்குச் சென்ற கதையும், நரிகள் பரிகளான திருவிளையாடலும், குதிரை இறக்குமதி அரசின் பெருஞ்செலவாக இருந்ததைக் காட்டுகின்றன.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிசுப் பயணி மார்க்கோ போலோ, அரபு நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகள் இறக்கப்பட்டதையும், அவற்றுள் பெரும்பாலானவை விரைவிலேயே இறந்துபோனதையும் எழுதியுள்ளார். குதிரைப் பராமரிப்பு அறிந்தவர்கள் இங்கு இல்லை என்பதும், பொருந்தாத உணவு கொடுக்கப்பட்டது என்பதும் அவர் கூறும் காரணங்கள். இங்கே பிறக்கும் குட்டிகள் கால் கோணலாக இருப்பதாகவும் அவர் குறித்துள்ளார். வெளிநாட்டுப் பயணி ஒருவரின் மிகைப்படுத்தல் இதில் இருக்கலாம். ஆனால், ஒரு குதிரை போனால் மற்றொன்றைக் கப்பலில் வரவழைப்பது என்ற வழக்கம் இருந்த இடத்தில், முதிய குதிரையைப் பேணும் கலை வளர வாய்ப்புக் குறைவு என்பதை அவர் குறிப்பிலிருந்து ஊகிக்கலாம்.

குதிரை மருத்துவம் பற்றிய ஏட்டறிவு இந்தியாவில் இல்லாமல் இல்லை. சாலிகோத்திரர், நகுலன் ஆகியோர் பெயரில் வழங்கும் வடமொழி நூல்கள் குதிரையின் இலக்கணம், பல்லைக் கொண்டு வயதறிதல், நோய், உணவு ஆகியவற்றை விரிவாகப் பேசுகின்றன. நகுலன் பெயரில் உள்ள அசுவசாத்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் படங்களுடன் பதிப்பித்துள்ளது. இந்த அறிவு அரண்மனை லாயங்களைச் சார்ந்திருந்தது. வண்டிக் குதிரைக்கு அது எட்டியிருக்க வாய்ப்பில்லை.

சென்னைப் பட்டணத்துக் குதிரைகள்

ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை குதிரைகளின் நகரமாயிற்று. படைக்கான குதிரைகளை வளர்த்துப் பயிற்றுவிக்க 1824ஆம் ஆண்டு ஓசூருக்கு அருகே மத்திகிரியில் பண்ணை ஒன்று நிறுவப்பட்டது. அதுவே பின்னர் கால்நடைப் பண்ணையாக மாறியது. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியிலிருந்து குதிரைகள் கப்பல் கப்பலாக இந்தியத் துறைமுகங்களுக்கு வந்தன. அந்தப் பகுதியின் பெயரையொட்டி அவை 'வேலர்' என அழைக்கப்பட்டன.

கிண்டியில் குதிரைப் பந்தயத்தின் தொடக்கம் 1777ஆம் ஆண்டு எனக் கூறப்படுகிறது. ஐதர் அலியுடன் நடந்த போர்களின் காலத்தில் பந்தயம் தடைப்பட்டது. சென்னைக் குதிரைப் பந்தய மன்றம் 1896இல் முறையாக அமைக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சிம்ப்சன் நிறுவனம் முதலில் குதிரை வண்டிகளைக் கட்டியது. மயிலாப்பூரிலும் லஸ்ஸிலும் வாழ்ந்த வழக்கறிஞர்களும் செல்வர்களும் சொந்தக் குதிரை வண்டிகளில் சென்றனர். அவர்களுடைய தோட்ட வீடுகளில் லாயமும், கொள்ளு வேகவைக்கும் அடுப்பும், குதிரைக்காரருக்கான குடிலும் இருந்தன.

இந்தக் குதிரைகள் எல்லாம் ஒரே நிலையில் வாழவில்லை. செல்வர் வீட்டு வண்டிக் குதிரை தளர்ந்தால், அது குறைந்த விலைக்கு வாடகை வண்டிக்காரரிடம் போகும். அங்கும் தளர்ந்தால் இன்னும் எளிய வண்டிக்குப் போகும். குதிரைக்கு வயது ஏற ஏற அதன் உரிமையாளரின் வசதி குறைந்தது, உழைப்போ கூடியது. ஓய்வு தேவைப்படும் வயதில்தான் அது ஓய்வு கொடுக்க இயலாதவர் கைக்கு வந்து சேர்ந்தது.

ஜட்கா

சென்னைத் தெருக்களில் பொதுமக்கள் அதிகம் பயன்படுத்திய குதிரை வண்டி ஜட்கா. இரண்டு சக்கரம், வளைந்த கூரை, உள்ளே வைக்கோல் பரப்பி அதன்மேல் பாய். பயணிகள் பின்பக்கமாக ஏறிக் காலை மடக்கி அமர்வார்கள். இழுப்பது பெரும்பாலும் உயரம் குறைந்த நாட்டு மட்டக் குதிரை. தொடர்வண்டி நிலையங்களின் வாசலிலும் கோயில்களுக்கு அருகிலும் ஜட்காக்கள் வாடகைக்குக் காத்து நின்றன. 1920களில் மாம்பலம் ஏரி நிலத்தில் தியாகராய நகர் உருவானபோதும், 1931இல் கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்தொடர் ஓடத் தொடங்கியபோதும், நிலையத்திலிருந்து வீடு வரையிலான கடைசித் தொலைவைக் கடக்க ஜட்கா உதவியது.

இரு சக்கர வண்டியில் சுமையின் சமநிலை குதிரையின் உடலோடு நேரடியாகத் தொடர்புடையது. பயணிகள் பின்னால் சாய்ந்து அமர்ந்தால் ஏர்க்கால் மேலெழுந்து, வயிற்றுப் பட்டை குதிரையை இறுக்கும். முன்னால் நெருங்கினால் சுமை அதன் முதுகிலும் முன்னங்கால்களிலும் இறங்கும். 'கொஞ்சம் முன்னே வாங்க', 'பின்னே தள்ளி உட்காருங்க' என்று வண்டிக்காரர் பயணிகளை நகர்த்திக்கொண்டே இருந்ததற்குக் காரணம் இதுதான். மண் சாலைகள் தாராகவும் கல் தளமாகவும் மாறியபோது வண்டி எளிதாக உருண்டது. ஆனால் ஒவ்வோர் அடியிலும் குளம்பு வாங்கிய அதிர்ச்சி கூடியது. லாடம் குளம்பைத் தேயாமல் காத்தது. மூட்டை அது காக்கவில்லை.

ஜட்காக்காரர் கொடுமைக்காரர் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அவருக்கு அந்தக் குதிரையே முதல். அதன் அன்றைய உழைப்பே அன்றைய கொள்ளுக்கும் அவர் வீட்டு அரிசிக்கும் வழி. நொண்டும் குதிரைக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுத்தால் ஒரு வார வருமானம் இல்லை. முதிய குதிரையின் கதையில் வறுமைக்கும் பெரிய பங்கு உண்டு.

1895இல் மின்சார டிராம், பின்னர்ப் பேருந்து, கைரிக்‌ஷா, சைக்கிள் ரிக்‌ஷா, ஆட்டோ ரிக்‌ஷா என ஒவ்வொன்றும் ஜட்காவின் இடத்தைச் சுருக்கின. டிராம் 1953இல் நின்றது. மனிதரை மனிதர் இழுக்கும் கைரிக்‌ஷா 1973இல் தமிழக அரசால் ஒழிக்கப்பட்டு, அதை இழுத்தவர்களுக்கு மாற்றுத் தொழிலுக்கு வழி செய்யப்பட்டது. ஜட்கா மெல்ல மறைந்தது. மும்பையில் விக்டோரியா எனப்பட்ட குதிரை வண்டிகளை 2015இல் உயர் நீதிமன்றம் சட்டத்துக்குப் புறம்பானவை என அறிவித்தபோது, வண்டிக்காரர்களுக்கும் குதிரைகளுக்கும் மறுவாழ்வு வேண்டும் என்பது விவாதமாயிற்று. சென்னையின் கடைசி ஜட்காக் குதிரைகளுக்கு அப்படி ஒரு விவாதம் வாய்க்கவில்லை.

கால்நடை மருத்துவத்தின் வருகை

சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ஆம் ஆண்டு வேப்பேரியில் 20 மாணவர்களுடன் தொடங்கியது. 1935இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டுப் பட்டப்படிப்பை வழங்கத் தொடங்கியது. 1989இல் அதை மையமாகக் கொண்டு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானது.

தொடக்க காலக் கால்நடை மருத்துவத்தின் முதன்மைக் கவலை தொற்றுநோய். குதிரையிலிருந்து மனிதருக்கும் பரவக்கூடிய சுரப்பி நோயான கிளாண்டர்ஸைக் கட்டுப்படுத்த 1899இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. நோயுற்ற குதிரையைக் கொல்ல அது வழிசெய்தது. மூட்டுத் தேய்வு தொற்றாது, உடனே கொல்லாது, ஆகவே அது அரசின் கவனத்துக்கு வரவில்லை. நொண்டும் குதிரையின் காலில் சூடு போடுவதும், காந்தும் களிம்பு தடவுவதும் நெடுங்காலம் உலகெங்கும் வழக்கத்தில் இருந்தன. வலியை வேறு வலியால் மறைத்த இந்த முறைகளை இன்றைய மருத்துவம் கைவிட்டுவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபீனைல்பியூட்டசோன் போன்ற அழற்சி நீக்கி மருந்துகள் பரவின. அவை வலியைக் குறைக்கும். நீண்டநாள் அளவின்றிக் கொடுத்தால் வயிற்றுப்புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் உண்டாக்கும். மருந்து கொடுத்து வலியை மறைத்து வேலை வாங்கினால் மூட்டு இன்னும் விரைவாகக் கெடும்.

இரக்கத்திலிருந்து சட்டத்துக்கு

முதிய குதிரையின் நிலை உலகின் பிற நகரங்களிலும் இதுவாகவே இருந்தது. 1877இல் வெளிவந்த அன்னா சீவெல்லின் 'பிளாக் பியூட்டி' என்னும் ஆங்கில நாவல், ஒரு குதிரை செல்வர் லாயத்திலிருந்து வாடகை வண்டி வரை படிப்படியாக விற்கப்படும் கதையைக் குதிரையின் வாயாலேயே சொல்லிப் பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது. முதல் உலகப் போரில் பணியாற்றிய படைக்குதிரைகள் பல, போர் முடிந்ததும் எகிப்தில் விற்கப்பட்டன. கெய்ரோ தெருக்களில் அவை முதுமையில் வண்டியிழுப்பதைக் கண்ட டோரதி புரூக் என்னும் ஆங்கிலப் பெண்மணி நிதி திரட்டி அவற்றை மீட்டார். 1934இல் அங்கு மருத்துவமனை ஒன்றை நிறுவினார். மீட்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை மிகவும் நைந்துபோயிருந்ததால், சில நாள் நல்ல உணவும் ஓய்வும் கொடுத்தபின் வலியின்றி உயிர்நீக்கப்பட்டன.

பிரித்தானிய இந்தியாவின் 1890ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், உழைக்கத் தகுதியற்ற விலங்கை வேலை வாங்குவதைக் குற்றமாக்கியது. விடுதலைக்குப் பிறகு அந்தச் சட்டம் போதாது என்ற குரல் அடையாற்றிலிருந்து எழுந்தது. பிரம்மஞான சபையின் சூழலில் வளர்ந்தவரும், 1936இல் கலாக்ஷேத்திராவைத் தோற்றுவித்தவருமான ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1953இல் அவர் விலங்கு வதைத் தடுப்பு மசோதாவைத் தனி உறுப்பினர் மசோதாவாகக் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததை ஏற்று அதைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவே 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். 1962இல் இந்திய விலங்குகள் நல வாரியம் அமைக்கப்பட்டபோது அவரே அதன் முதல் தலைவரானார். வாரியத்தின் தலைமையகம் பல்லாண்டுகள் சென்னையில் இயங்கி, 2018இல் அரியானாவுக்கு மாற்றப்பட்டது. கேப்டன் வி. சுந்தரம் 1959இல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பும் இதே காலத்தில் வளர்ந்ததே.

1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, நோய், ஊனம், புண் ஆகியவற்றோடு வயதையும் ஒரு காரணமாகச் சேர்த்து, அவற்றால் தகுதியிழந்த விலங்கை வேலை வாங்குவது கொடுமை என்கிறது. 1965ஆம் ஆண்டு விதிகள் வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் விலங்குகளுக்கு வேலை நேரத்தை வரையறுத்தன. நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், இடைவேளையின்றி 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக்கூடாது. வெப்பம் 37 பாகை செல்சியசைக் கடக்கும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை வேலை வாங்கக்கூடாது. பயணி வண்டியில் ஓட்டுநரும் சிறு குழந்தைகளும் நீங்கலாக நால்வருக்கு மேல் ஏற்றக்கூடாது.

இச்சட்டத்தின் குறை தண்டனையில் இருந்தது. முதல் முறைக் குற்றத்துக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம். காலப்போக்கில் இத்தொகை பொருளற்றதாயிற்று. விலங்குகளை வைத்துப் பராமரிக்கும் காப்பகங்களுக்குச் சட்டத்தின் 35ஆம் பிரிவு இடமளித்தது. அங்கு வைக்கப்படும் விலங்கின் செலவை உரிமையாளரே ஏற்கவேண்டும். வேலையிலிருந்து குதிரையை விடுவிப்பதைச் சட்டம் எளிதாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு பத்தாண்டுகளுக்கு அதற்குத் தீவனம் போடுவது யார் என்ற கேள்வி, பணமில்லாத உரிமையாளரிடமே திரும்பி வந்தது.

பந்தயத் திடலும் கடற்கரையும்

பந்தயக் குதிரை 2 வயதிலேயே ஓடத் தொடங்குகிறது. அந்த வயதில் அதன் எலும்பு வளர்ச்சி முழுமையடைந்திருப்பதில்லை. பெரும்பாலான குதிரைகள் 10 வயதுக்குள் பந்தயத்தை விட்டு விலகுகின்றன. சிறந்த குதிரைகள் இனப்பெருக்கப் பண்ணைக்குச் செல்லும். மற்றவை சவாரிப் பள்ளிக்கோ, திருமண ஊர்வலத்துக்கோ, கடற்கரைக்கோ செல்லும். கிண்டி கிங் நிறுவனம் போன்ற மருந்து ஆய்வகங்களும் நச்சுமுறி மருந்து தயாரிக்கக் குதிரைகளை வைத்திருந்தன. குறைந்த அளவில் நஞ்சு ஏற்றப்பட்ட குதிரையின் இரத்தத்திலிருந்து பாம்புக்கடி மருந்து எடுக்கப்படுகிறது.

மெரினாவிலும் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையிலும் மாலை வேளைகளில் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் குதிரைகளுள் முதியவையும் உண்டு. இங்கே ஒரு முரண் இருக்கிறது. குழந்தையின் எடை குறைவு, நடை மெதுவானது, தரை மணல். பார்வைக்கு இது மூட்டு தேய்ந்த குதிரைக்குப் பரிந்துரைக்கப்படும் மென்பயிற்சியைப் போன்றே தோன்றும். ஆனால் உலர்ந்த ஆழமான மணலில் கால் புதைந்து எழுவது தசைநாண்களை இழுக்கும். ஒரே இடத்தில் குறுகத் திரும்புவது மூட்டைத் திருகும். மணிக்கணக்கில் தண்ணீரின்றி நிற்பதும், இடையிடையே பெரியவர்களை ஏற்றி ஓட்டுவதும் பயிற்சியின் பயனைக் கெடுத்துவிடும். எழும்பூர் அருகே புதுப்பேட்டையில் உள்ள காவல்துறைக் குதிரைகளுக்கு லாயமும் மருத்துவமும் அரசுச் செலவில் உண்டு; அவையும் மெரினாவில் சுற்றுக்காவல் செல்கின்றன. ஒரே மணலில் நடந்தாலும் இவ்விரு குதிரைகளின் முதுமை ஒன்றாக இருப்பதில்லை.

2020ஆம் ஆண்டு பொது முடக்கத்தில் கடற்கரை மூடப்பட்டபோது சவாரி வருமானம் நின்றது. குதிரைகளுக்குத் தீவனம் வாங்க வழியின்றி உரிமையாளர்கள் தவித்தனர். விலங்கு நல ஆர்வலர்கள் தீவனம் அளித்தனர். அன்றைய சம்பாத்தியத்தில் அன்றைய கொள்ளு என்ற ஜட்காக் காலத்து நிலை மாறவில்லை என்பதை அந்த மாதங்கள் காட்டின.

மென்மையான சவாரிப் பயிற்சி

மூட்டு தேய்ந்த முதிய குதிரைக்கான பயிற்சி, கால்நடை மருத்துவர் நொண்டலின் அளவைப் பார்த்து இசைவு தந்தபின் தொடங்கவேண்டியது. பொதுவாகப் பின்பற்றப்படும் முறைகள் வருமாறு.

முதல் 10 முதல் 15 நிமிடம் சவாரியின்றியோ, கடிவாளத்தைத் தளரவிட்டோ நடத்திச் செல்லவேண்டும். மூட்டுத் திரவம் பரவித் தசைகள் இளக இந்த நேரம் தேவை. அதன்பின் நேர்க்கோட்டிலும் அகன்ற வளைவுகளிலும் நடை. குறுகிய வட்டங்களும் திடீர்த் திருப்பங்களும் கூடாது. குதிரை இளகியபின் டிராட் எனப்படும் மிதமான ஓட்டத்தைச் சில நிமிடம் சேர்க்கலாம். நொண்டல் தெரிந்தால் உடனே நடைக்குத் திரும்பவேண்டும். முடிவிலும் மெதுவான நடை வேண்டும். வாரத்தில் ஒருநாள் நீண்ட சவாரியை விட, நாள்தோறும் சிறிது நேரப் பயிற்சி நல்லது. பயிற்சி இல்லாத நேரங்களிலும் குதிரை திறந்த வெளியில் தானாக உலவ இடம் வேண்டும்.

சவாரி செய்பவர், சேணம் இரண்டின் எடையும் சேர்ந்து குதிரையின் உடல் எடையில் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது நலமான குதிரைக்கே பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு இது 80 கிலோ. முதிய குதிரைக்கு இதைவிடக் குறைவாகவே இருக்கவேண்டும். குதிரையின் சொந்த எடை கூடினாலும் மூட்டுக்குச் சுமைதான். கொள்ளும் தவிடும் அளவோடு கொடுக்கவேண்டும். குளம்பை 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவிச் சமப்படுத்தவேண்டும்.

சென்னையில் தரையும் வெயிலும் தனிக் கவனம் பெறவேண்டியவை. தார்ச்சாலையில் ஓட்டம் கூடாது. கடற்கரையில் அலை வந்து மீளும் ஈர மணல் இறுக்கமாகவும் ஓரளவு நெகிழ்வாகவும் இருப்பதால் நடைக்கு ஏற்றது. உலர் மணல் ஏற்றதன்று. குதிரையும் மனிதரைப் போல வியர்த்தே உடலைக் குளிர்விக்கும். ஈரப்பதம் மிகுந்த கடலோரத்தில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. வெப்பமண்டலத்தில் சில குதிரைகள் வியர்க்கும் திறனையே இழந்துவிடுகின்றன; குளிர்நாட்டுக் குதிரைகளில் இதை ஆங்கிலேயர் அக்காலத்திலேயே கவனித்திருந்தனர். எனவே, விடியற்காலையே பயிற்சிக்கு ஏற்ற நேரம்.

மெதுவான, முறையான பயிற்சி குதிரையின் உழைப்பு ஆயுளை நீட்டும் என்பதற்கு வியன்னாவின் ஸ்பானியச் சவாரிப் பள்ளி புகழ்பெற்ற சான்று. அங்குள்ள லிப்பிசான் குதிரைகள் முதிர்ந்தபின் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் படிப்படியாகப் பயிற்றுவிக்கப்பட்டு, 20 வயதைக் கடந்தும் அரங்கில் இறங்குகின்றன.

பயிற்சியால் பயனில்லாத கட்டமும் உண்டு. படுத்தால் எழ முடியாமை, ஓய்விலும் குறையாத வலி, மருந்துக்கும் அடங்காத நொண்டல் ஆகியவை வந்தால், மேலும் நடத்துவது இரக்கமாகாது. துன்புறும் விலங்கைத் தக்க சான்றின்பேரில் வலியின்றி உயிர்நீக்க 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இடமளிக்கிறது.

இன்றைய நிலை

கிண்டிப் பந்தயத் திடலின் வரலாறு அண்மையில் புதிய திருப்பத்தைக் கண்டது. 1970களில் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தைத் தடைசெய்யச் சட்டம் கொண்டுவந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறன் சார்ந்த விளையாட்டு எனத் தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பரில் தமிழக அரசு 160 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்த நிலத்தின் குத்தகையை நீக்கித் தன்வசம் எடுத்தது. அங்கே மக்களுக்கான பூங்காவும் வெள்ளநீரைத் தேக்கும் குளங்களும் அமைக்கும் பணிகள் முன்னெடுக்கப்பட்டன.

நெரிசல் மிகுந்த நகருக்குப் பூங்காவும் குளமும் தேவை என்பதை மறுக்க முடியாது. அதே வேளையில், தென்சென்னையில் குதிரை கால்பதித்து நடக்கத்தக்க திறந்த புல்தரை மிக அரிதாகிவிட்டது. முதிய குதிரைக்கு வேண்டியவை விலையுயர்ந்தவை அல்ல: மென்தரை, விடியற்காலை நேரம், எடை குறைந்த ஒருவர், நடையைப் பார்த்து வலியை அறியும் குதிரைக்காரர், உழைப்பில்லாத நாளிலும் கிடைக்கும் தீவனம். வயது என்ற சொல் சட்டத்துக்குள் வந்து சேர்ந்தது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கவேண்டிய நிலமும் தீவனமும் இன்னும் தனிமனிதர்களின் நல்லெண்ணத்தையே நம்பியிருக்கின்றன.